ஆக்சிமீட்டரில் 98 காட்டியும் மூச்சு வாங்குவது ஏன்? ஆக்சிஜன் ரத்தத்தில் எப்படித்தான் கலக்கிறது?

வீட்டில் யாருக்கோ மூச்சு வாங்குகிறது, விரலில் கிளிப்பை மாட்டினால் 98 காட்டுகிறது, "எல்லாம் மனப்பிரமை" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படித்தானே? எங்கள் அம்மா கதையும் இதேதான். நான் டாக்டர் இல்லை. "கூகுள் பார்த்து வைத்தியம் சொல்லாதே" என்று கமென்ட் போடக் காத்திருப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இழுக்கிற மூச்சு நுரையீரலில் கோடிக்கணக்கில் இருக்கும் குட்டிக் காற்றுப்பைகள் வரை போகிறது. பைக்கும் அதை ஒட்டி ஓடும் ரத்தத் தந்துகிக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரான்கூட இருக்காது. பைக்குள் ஆக்சிஜன் அழுத்தம் அதிகம், உடம்பைச் சுற்றிவிட்டு வரும் ரத்தத்தில் குறைவு. அதனால் தானாகவே ரத்தத்துக்குள் இறங்கிவிடும். சிவப்பணு அந்த இடத்தைக் கடக்க முக்கால் நொடிதான் ஆகும், அதற்குள் நிரம்பிவிடும். ரத்தத்தில் சும்மா கரைந்து போவது 2 சதவீதம்கூடத் தேறாது. மற்ற சுமையெல்லாம் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் தலையில்தான். ஒரு மூலக்கூறில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ள நாலு இடம், நாலிலும் இரும்பு. அப்புறம் இதயத்தின் இடப்பக்கம் வந்து, அங்கிருந்து பெருந்தமனி வழியாக உடம்பெங்கும்.

ஆக்சிமீட்டர் அந்த இடங்களில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. ஓடுகிற பஸ்ஸெல்லாம் ஃபுல்தான், ஆனால் ஊருக்கே நாலு பஸ்தான் ஓடுகிறது என்றால்?

அம்மாவுக்கு 99 காட்டியது. "எனக்கே 97தான் அண்ணி, உங்களுக்கு என்ன குறைச்சல்?" என்றார் சித்தப்பா. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. மெயின்டனன்ஸ் மட்டும் மாதம் பிறந்ததும் கறாராக வசூலிக்கிற அசோசியேஷன், லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டால் "ஸ்பேர் வரணும்" என்று ஒரே பாட்டு. வயதானவர்கள் இருக்கிற பிளாக் இது! சரி, அதை விடுங்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தது அரிசி டப்பாவால். அம்மா போகும்போதும் வரும்போதும் ஒரு பிடி பச்சை அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். இரும்புச்சத்து குறைந்தால் இப்படி ஆசை வருவதுண்டு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.2, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 6.2 கிராம். பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். அப்படியானால் 12 இருப்பவரின் 100 மில்லி ரத்தத்தில் 16 மில்லி, அம்மாவுடையதில் எட்டுதான். இரண்டு பேருக்கும் மிஷின் 99 என்றே காட்டும். குறைகிறதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும், படபடப்பு அதனால்தான்.

காரணம் கர்ப்பப்பைக் கட்டி. மாதாமாதம் அளவுக்கு மீறிப் போனதை "இந்த வயசுல அப்படித்தான்" என்று யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறார். டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றி, கட்டிக்கும் வைத்தியம் பார்த்து, இப்போது மாத்திரையில் இருக்கிறார். மாத்திரையை ஒட்டி காபி குடிக்காதே என்பதற்குத்தான் வீட்டில் தினமும் சண்டை.

உங்கள் வீட்டிலும் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆஸ்துமா, இதயக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். டாக்டரைப் பார்க்கும்போது சிபிசி டெஸ்ட் (ஹீமோகுளோபின், ரத்த அணுக்களின் அளவு பார்ப்பது) எடுக்கலாமா என்று கேளுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்திருந்தால் டெஸ்ட் எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.