உலகம் முழுக்க முதியவர்கள் கூடிப் பிள்ளைகள் குறைகிறார்கள் என்கிறார்களே, உங்கள் ஊரில் அது எப்படித் தெரிகிறது?

கேள்வியின் விளக்கத்தில் யப்பானையும் இத்தாலியையும் சொல்லிவிட்டு, "நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது எப்போது வரும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு வந்து கனகாலம். இலங்கையில், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன சின்ன அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். ஊர் கிழடாவதைப் புள்ளிவிபரத் திணைக்களம் வந்து எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஓடர் கொப்பியைத் திறந்தாலே தெரியும்.

அப்பா இருந்த காலத்தில் கலியாண மாதங்களில் கார்ட் அடித்தே மெஷின் சூடு ஆறாது. இடையில் சாமத்திய வீட்டு (பூப்பு நீராட்டு விழா) அழைப்பிதழ், ரியூசன் நோட்டீஸ், கோயில் திருவிழா விஞ்ஞாபனம் என்று வரும். இப்போது எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் செத்தவீடுகளில் இருந்துதான். முதலில் மரண அறிவித்தல் நோட்டீஸ், பிறகு கல்வெட்டு. வெளியூர்க்காரர் கல்வெட்டு என்றதும் கோயில் சுவரை நினைப்பார்கள். இங்கே அது, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் கையில் கொடுக்கும் புத்தகம். தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் வம்சாவளி.

அந்த வம்சாவளிப் பக்கத்தை அமைப்பது என் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டேன். 1920களிலும் 30களிலும் பிறந்தவர்களின் வரியில் எட்டு, ஒன்பது பெயர் இருக்கும். ஒரு பக்கத்துக்குள் அடக்க எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், அல்லது பக்கத்தையே படுக்கையாகத் திருப்ப வேண்டும். அதற்கு அடுத்த வரியில் ஆளுக்கு மூன்று, நாலு. அதற்கும் கீழே இரண்டு, ஒன்று, சில இடத்தில் வெறும் கோடு. மரம் என்றால் கிளை விரிய வேண்டும். நான் அடிக்கும் மரங்கள் கீழே போகப் போகப் பம்பரம் மாதிரிக் கூம்புகின்றன. பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், சுவிஸ், நோர்வே. முன்பெல்லாம் அதே இடத்தில் மலாயா, கொழும்பு என்று இருக்கும். போனவர்கள் பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். இப்போது போகிறவர்கள் கட்டுகிற வீடு அங்கேதான்.

பிறப்புக் குறைந்தது உலகம் முழுவதற்கும் பொதுவான கதை. எங்கள் அம்மம்மா பெற்றது ஒன்பது, தங்கியது ஆறு. அம்மாவுக்கு நாங்கள் மூன்று பேர். எனக்கு ஒரு மகன். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கலியாணம் பிந்தியது, பெற்ற பிள்ளை தப்பும் என்ற நம்பிக்கை வந்தது, படிப்பிக்கிற செலவு ஏறியது. சீனா 1980இல் தொடங்கி முப்பத்தைந்து வருடம் ஒரு பிள்ளைச் சட்டம் வைத்திருந்தது, 2022இல் அங்கே சனத்தொகை இறங்கத் தொடங்கியது. தென்கொரியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. ஆனாலும் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 பிள்ளை. சட்டம் போட்டவர்களை விடச் சட்டம் இல்லாதவர்கள் கீழே போய்விட்டார்கள். பிள்ளை பெறச் சொல்லி அந்த அரசாங்கம் வருடக்கணக்காகக் காசை அள்ளி இறைத்தும் பெரிய பலன் இல்லை. 2024 ஒக்டோபரில் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு கலியாண மேடையில், பதினாறு பெற்றால் என்ன என்கிற மாதிரிக் கேட்டதைப் பார்த்திருப்பீர்கள். நாடாளுமன்ற ஆசனங்களைச் சனத்தொகைப்படி மறுபடி பிரித்தால், சனத்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையாகத் தங்கள் ஆசனம் போய்விடுமோ என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. எங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, "பதினாறையும் ஆர் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கிறது அக்கா?" என்றாள். எந்த அரசாங்கமும் இதற்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

இலங்கையில் 1981இல் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 6.6 பேர். 2012இல் 12.4. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிரான்சில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் பங்கு 7 வீதத்திலிருந்து 14 ஆக 115 வருடம் எடுத்தது. யப்பானுக்கு 24 வருடம். எங்கள் ஓட்டம் யப்பானோடுதான் சேரும், ஆனால் யப்பானின் பொக்கற் எங்களிடம் இல்லை. பிரான்சுக்குப் பென்சன் ஒழுங்கு செய்யவும் ஆஸ்பத்திரி கட்டவும் மூன்று நாலு தலைமுறை கிடைத்தது. இங்கே அரசாங்க உத்தியோகத்தருக்குப் பென்சன் உண்டு. தனியாரிடம் வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதிக் காசு ஒரே தொகையாக வரும், மகளின் சீதனத்தோடு முடிந்துவிடும். தோட்டம் செய்தவர், கூலிக்குப் போனவர்? வருமானம் குறைந்த, எழுபது தாண்டியவர்களுக்கு 2025 முதல் மாதம் 5000 ரூபா கொடுக்கிறார்கள். அம்மாவின் பிறஷர், சலரோக மருந்தை வெளியே வாங்கினால் அதற்கே காணாது. கிளினிக்கில் இலவசமாகத் தருவார்கள்தான், ஆனால் விடிய ஐந்து மணிக்கு நம்பர் எடுக்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஒரு ஆள்தான் எங்கள் ஊர்ப் பிரச்சினை. இனிச் சொல்லப்போவது யாழ்ப்பாணத்துக்கு உரியது. கொரியா கிழடானது பிறப்புக் குறைந்ததால். நாங்கள் அதனாலும் ஆனோம், இளம் ஆட்கள் இல்லாமல் போனதாலும் ஆனோம். பிறகு தனி மாவட்டமான கிளிநொச்சியைக் கழித்துப் பார்த்தால் 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001இல் இங்கே முழுமையாக எடுக்க முடியவில்லை. கடைசியில் 2012இல் ஒழுங்காக எண்ணியபோது 5 இலட்சத்து 83 ஆயிரம்தான். முப்பது வருடத்தில் உலகம் பெருத்தது, நாங்கள் மெலிந்தோம். செத்தவர்கள், காணாமல் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், கடல் கடந்தவர்கள் எல்லாரும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் பதினொரு ஆசனம், 2010இல் ஒன்பது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. கிளிநொச்சியும் அதற்குள் அடக்கம். தமிழ்நாட்டில் பயப்படுகிறார்கள், எங்களுக்கு நடந்தே விட்டது.

யுத்தம் முடிந்தால் போவது நிற்கும் என்று நினைத்தோம். 2022இல் டொலர் தட்டுப்பட்டு, பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம், பாஸ்போட் வரிசையும் நீண்டது. நாடு முழுவதும் 2020இல் 3 இலட்சத்துக்குச் சற்று மேல் பிறந்த பிள்ளைகள், 2023இல் 2 இலட்சத்து 48 ஆயிரத்துக்கும் குறைவு. பெறுகிற வயதில் இருப்பவர்கள்தானே வரிசையில் நின்றார்கள்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அம்மாவுக்கு எண்பத்து நாலு. போன வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. தங்கச்சி ரொறன்ரோவில் இருக்கிறாள், வேலை முதியோர் பராமரிப்பு இல்லத்தில். வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி விடுகிறாள். அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு மாதா மாதம் வருகிறது. அதில்தான் அம்மாவைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தக் கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து வந்து நிற்கும் அக்காவுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவவின் தாய்க்கும் எழுபது தாண்டிவிட்டது, ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பேத்திதான் வீட்டில் பார்க்கிறாளாம். ஒருநாள் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கனடாவில் ஒரு கிழவிக்குக் கை கிடைப்பதற்காக இங்கே இரண்டு கிழவிகளின் கைகள் ஒவ்வொரு படியாக நகர்ந்திருக்கின்றன. கடைசிப் படியில் பதினெட்டு வயதுப் பிள்ளை, சோதனைக்குப் படித்துக்கொண்டு.

தங்கச்சியில் எனக்குக் கோபம் இல்லை. வீடியோவில் அம்மாவின் முதுகைக் காட்டச் சொல்லி, "இந்த இடத்தில சிவந்திருக்கு, சரிச்சுப் படுக்க வையுங்கோ, இல்லாட்டிப் படுக்கைப்புண் வரும்" என்று சொல்லித் தந்தவள் அவள்தான். இங்கே அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணை லண்டனில், அவர் காசு மட்டும் அனுப்புவார். அதுவும் தேவைதான், விடுங்கள்.

பணக்கார நாடுகள் ஆள் தட்டுப்பட்டால் இறக்குமதி செய்கின்றன. இத்தாலியில் வயோதிபர்களைப் பார்க்க உக்ரைன், ருமேனியாப் பெண்கள் போனார்கள். யப்பான்கூட, வெளியாளை உள்ளே விட அவ்வளவு யோசித்த நாடு, 2019இல் புதுவகை விசா ஒன்றைத் திறந்தது, முதியோர் பராமரிப்பும் அதற்குள் வரும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் யப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறான். அவனுடைய அப்பம்மா திண்ணையில் தனிய இருந்து அவன் பாடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பா. நாங்கள் இறக்குமதி செய்ய எங்கே போவது? கிளிநொச்சி இருக்கிற வன்னிதான். வன்னியும் காலியானால்?

வெறும் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யப்பானில் 2023 கணக்கெடுப்பில் சுமார் 90 இலட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அங்கே ஆட்கள் வாங்குவாரில்லாத வீட்டுக்காகக் கவலைப்படுகிறார்கள். இங்கே நிலைமை வேறு. புங்குடுதீவுப் பக்கம் போனால் கூரை இறங்கி ஆலமரம் முளைத்த நாற்சார் வீடுகளைப் பார்க்கலாம். ஆனால் சுன்னாகம், கோண்டாவில் பக்கம் பூட்டிய வீடுகள் வடிவாகப் பெயின்ற் அடித்துக் கிடக்கும், சனம் குறைந்தும் காணி விலை குறையாது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு மாதம் திறப்பார்கள். மற்றப் பதினொரு மாதமும் பக்கத்து வீட்டு அப்பு முற்றம் கூட்டி, மாலையில் லைற் போட்டு விடுவார். அந்த அப்புவுக்கு எழுபத்தாறு. தேங்காய் பிடுங்க ஆள் இல்லை, ஓலை விழுந்தபடி கிடக்கும். செத்தவீட்டில் பாடை தூக்க நாலு இளம் தோள் சேருவது சில ஒழுங்கைகளில் கஷ்டமாகிவிட்டது. மகன் வரும்வரை பிரேதத்தை மூன்று நாலு நாள் வைத்திருப்பதும், வர முடியாதவர்களுக்குக் கமெரா பூட்டி நேரலை விடுவதும் இப்போது சாதாரணம். கல்வெட்டு ஓடர் எடுக்கும்போது நேரலைக்காரரின் நம்பரையும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

முதியோர் இல்லம் பற்றிக் கேட்பீர்கள். கைதடியில் அரசாங்க இல்லம் பலகாலமாக இருக்கிறது. முன்பு அங்கே போனால் "பிள்ளைகள் கைவிட்டிட்டினம்" என்று ஊர் கதைக்கும். இப்போது காசு கட்டித் தங்கும் இல்லங்களும் வந்துவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கே இடம் விசாரிக்கிறார்கள், ஊரும் முன்போல வாய் திறப்பதில்லை. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. பிள்ளை கனடாவில், ஸ்காபரோவில் இருந்தால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? அதோடு, எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பலர் காசு அனுப்பாதவர்கள் அல்ல. எனக்கு யப்பானில் பிடித்தது, 2000இல் அவர்கள் தொடங்கிய பராமரிப்புக் காப்புறுதி. நாற்பது வயது ஆனவுடன் எல்லாரும் கட்ட வேண்டும், பிறகு தேவைப்படும்போது வீட்டுக்கே ஆள் வரும். பராமரிப்பு ஒரு வேலை, அதற்குப் பயிற்சியும் சம்பளமும் வேண்டும் என்று ஒரு நாடே ஒத்துக்கொண்டது. இங்கே அது இன்னும் "மகளின் கடமை". மகன் என்று ஒருவரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா?

நாங்கள் செய்வது மிகச் சின்னது. எங்கள் சனசமூக நிலையத்தில் தனிய இருப்பவர்களின் பட்டியல் ஒன்று போட்டிருக்கிறோம், மொத்தம் பதினாலு பேர். காலையில் ஒருவர் போன் எடுப்பார், பதில் இல்லாவிட்டால் சைக்கிளில் போய்ப் பார்ப்பார். கிளினிக் நாளில் ஓட்டோ பிடித்துக் கொடுப்போம். தொடங்கியபோது இளைஞர்களை நம்பித்தான் தொடங்கினோம். அவர்களில் ஒருவன் பிரான்சுக்குப் போய்விட்டான், இன்னொருவன் கொழும்பில். இப்போது முறைக்குப் போகிறவர்களில் மூத்த ரீச்சருக்கு எழுபத்தொன்று. அவர் போய்ப் பார்க்கும் ஆச்சிக்கு எழுபத்தொன்பது. போன கிழமை ரீச்சருக்கு முழங்கால் நோ. ஆச்சி தேத்தண்ணிப் போத்தலோடு அவர் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டா. கொப்பியில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று செயலாளர் என்னைக் கேட்டார். செவ்வாய்க்கிழமை என் முறை, இரண்டு வீட்டையும் என் பெயரில் போட்டுவிடச் சொன்னேன்.