ஒத்திகை அறையில் வரும் சந்தேகங்கள்: மொரீசியஸ் நாடகக் குழுக்களுக்குப் பதில்கள்

கேள்வி: 40 நிமிடத் தமிழ் நாடகம். எட்டு வாரம் இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணி நேரம் மட்டுமே கூட முடியும். போதுமா ஐயா? (த்ரியோலே)

போதாது. மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒத்திகையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 40 மணி நேரம் வேண்டும், கையில் இருப்பது 24. ஒவ்வொரு வாரமும் வாரநாளில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். வாசிப்புக்கு 6 மணி, மேடை நடமாட்டத்துக்கு (யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது) 10, காட்சி காட்சியாக உழைக்க 14, தொடக்கம் முதல் முடிவு வரை முழு ஓட்டத்துக்கு 6, ஒளி ஒலிக்கு 4. ஜனவரி, பிப்ரவரியில் ஒத்திகை என்றால் ஒரு வாரம் உபரியாக வையுங்கள். புயல் எச்சரிக்கை வரலாம். காவடி எடுப்பவர்கள் விரத நாட்களில் மாலையில் கோவிலில்தான் இருப்பார்கள்.

கேள்வி: பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். வசனத்தை ரோமன் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். மேடையில் ஒப்பிப்பதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்? (ரோஸ் ஹில், ஆசிரியை)

பொருள் புரியாமல் ஓசையை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒப்பிப்பாகத்தான் வரும். முதல் இரண்டு வாரம் மனப்பாடமே வேண்டாம். காட்சியை வாசித்து முடித்ததும் தாளை மூடச் சொல்லி, அதே காட்சியைக் கிரியோலில் சொந்த வார்த்தையில் நடிக்க விடுங்கள். யார் யாரிடம் என்ன வேண்டி நிற்கிறார் என்பது அங்கே தெளிவாகிவிடும். உடனே, இடைவெளி விடாமல், தமிழ் வசனத்தோடு மறுபடி நடிக்கட்டும்.

ரோமன் எழுத்தில் பழமும் பலமும் பாலமும் ஒன்றுபோலத் தெரியும். தமிழ் எழுத்திலேயே, பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு அச்சடித்துக் கொடுங்கள். உச்சரிப்புக்கு ஒலிப்பதிவு கொடுக்கலாம். ஆனால் உணர்ச்சி எதுவும் கலக்காமல் நிதானமாக வாசித்த பதிவாக இருக்கட்டும். நீங்கள் நடித்துக் காட்டிய பதிவைக் கொடுத்தால் உங்கள் ராகத்தையே எல்லோரும் பாடுவார்கள். பிறகு அதைக் கழற்றவே முடியாது.

வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் கவனியுங்கள். "நீ வராவிட்டால் நான் போகமாட்டேன்" என்ற வசனத்தில் மூச்சு தீர்ந்து குரல் இறங்கினால் அரங்கத்துக்குக் கேட்பது "நான் போக" வரைதான். மறுக்கிறார் என்பதே தெரியாது. "வராவிட்டால்" என்பதற்குப் பின் மூச்செடுக்கச் சொல்லி, பிரதியில் அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் இந்தப் பயிற்சி எல்லா நடிகருக்கும் வேண்டும்.

கேள்வி: போன வாரம் நின்ற இடத்தில் இந்த வாரம் யாரும் நிற்பதில்லையே? (கியூர்பிப்)

எழுதி வைக்காததுதான் காரணம். பிரதியை வலப்பக்கம் மட்டும் அச்சடித்து, இடப்பக்கத்தை நடமாட்டம் எழுதக் காலியாக விடுங்கள். பென்சில் மட்டும் போதும், எப்படியும் மாறும். மோக்கா மகாத்மா காந்தி நிறுவன அரங்கமானாலும் வாக்குவா செர்ஜ் கொன்ஸ்தாந்தேன் அரங்கமானாலும் முன்னதாகவே போய் மேடையை அளந்து, அதே அளவை ஒத்திகைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். வகுப்பறை சிறியதாக இருந்தால் மேடையைப் பாதிப் பாதியாக ஒட்டிப் பழகுங்கள். சுருக்கி ஒட்டினால் எத்தனை அடி நடக்கவேண்டும் என்பது உடம்பில் தப்பாகப் பதிந்துவிடும்.

இடது வலது என்று சொன்னால் நடிகருக்கு ஒரு பக்கம், உங்களுக்கு ஒரு பக்கம். பிரெஞ்சு அரங்க வழக்கப்படி பார்வையாளருக்கு இடப்பக்கம் 'ஜார்தேன்', வலப்பக்கம் 'கூர்' என்று சொல்லிப் பழக்கினால் குழப்பம் இல்லை.

கேள்வி: தாளை எப்போது கீழே வைக்கச் சொல்வது?

நடமாட்டம் முடிந்ததும், நான்காவது வார இறுதியில். அன்றைய ஒத்திகை முந்தையதைவிட மோசமாகத்தான் இருக்கும், பதறாதீர்கள். வாரம் ஒருமுறை 'இத்தாலியேன்' ஓட்டுங்கள்: வட்டமாக உட்கார்ந்து, நடிப்பே இல்லாமல், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக வசனம் மட்டும். எங்கே ஓட்டை என்று உடனே தெரிந்துவிடும். அடியெடுத்துக் கொடுப்பவர், நடிகர் "வசனம்" என்று கேட்டால் மட்டும் முதல் மூன்று சொல் சொல்லட்டும். மௌனமெல்லாம் மறதி அல்ல.

கேள்வி: குரல் பின்வரிசைக்குப் போகவில்லை. மைக் தொங்கவிடலாமா?

தொங்கும் மைக் காலடிச் சத்தத்தையும் சேர்த்து எடுக்கும். மூன்றாவது வாரம் முதலே ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, கேட்காதபோது கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அரங்கம் நாடகத்துக்கு முந்தைய நாள் நான்கு மணி நேரம்தான் கிடைக்கும். எப்படிப் பிரிப்பது? (போர் லூயி)

முதல் மணி நேரம் விளக்குகளைத் திருப்பிச் சரிசெய்ய. அடுத்த ஒன்றரை மணி, ஒளியும் ஒலியும் மாறும் இடங்கள் மட்டும்: மாற்றத்துக்கு முன்னால் இரண்டு வசனம், மாற்றம், பின்னால் ஒரு வசனம், அடுத்ததுக்குத் தாவுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் கொடுத்து, மேடை நிர்வாகி ஒருவரே "12 தயார்", "12 போ" என்று சொல்லவேண்டும். இயக்குநரும் கூடச் சேர்ந்து சொன்னால் விளக்குக்காரர் யாரைக் கேட்பார்? மீதி ஒன்றரை மணியில் உடையோடு ஒரு முழு ஓட்டம், நடுவில் நிறுத்தக் கூடாது. இருட்டில் நாற்காலி மாற்றும் இடங்களில் ஒளிரும் டேப் ஒட்டிவிடுங்கள்.

சேலையும் வேட்டியும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கட்டப்படக் கூடாது. ஐந்தாவது வாரமே பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு படி ஏறி இறங்கட்டும்.

கேள்வி: கடைசி மூன்று நாளில் ஒரு காட்சியை மாற்றத் தோன்றுகிறது. மாற்றலாமா?

கூடாது. வெட்டவேண்டிய வசனம் இருந்தால் வெட்டலாம், புதிதாக எதுவும் சேர்க்காதீர்கள். வெட்டினாலும் அதற்கு அடுத்த வசனம் பேசுபவரிடமும் விளக்குக்காரரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்.