மாலை ஆறு மணியானால் அடங்காத பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது, எடை 14 கிலோ. எல்.கே.ஜி. படிக்கிறான். நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். பள்ளி விட்டதும் மாமியார் பார்த்துக்கொள்கிறார். தினமும் சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் அவனைப் பிடிக்கவே முடியாது. கட்டிலிலிருந்து குதிக்கிறான், ஜன்னல் கம்பியில் ஏறுகிறான், கையில் கிடைத்ததை வீசுகிறான். கூப்பிட்டால் காதில் விழாதது போலச் சிரித்துக்கொண்டே ஓடுகிறான். கடைசியில் அழுது ஓய்கிறான். கணவர் அடித்துவிடுகிறார். மாமியார் திருஷ்டி என்கிறார், சாக்லேட்தான் காரணம் என்றும் சொல்கிறார். மதியத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்காருவதில்லை, ஹைப்பர் ஆக்டிவ்வாக இருக்கலாம் என்கிறார் மிஸ். அப்பா வரும்வரை விழித்திருப்பதால் தூங்கப் பதினொன்று ஆகிவிடும். காலை ஆறரைக்கு எழுப்பிவிடுவேன். வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குவான், தலையெல்லாம் வியர்க்கும். சில நாள் சுவரைச் சுரண்டித் தின்கிறான். அடிக்கடி சளி பிடிப்பதால் மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் கொடுக்கிறோம். தூங்க வைக்கவும் ஒரு சிரப் இருக்கிறதாமே, கொடுக்கலாமா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தூங்க வைக்கும் சிரப் வேண்டாம். அந்தப் பெயரில் கைமாறுவது பெரும்பாலும் புரோமெத்தசின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்து. அது மூச்சை மட்டுப்படுத்தக்கூடியது. குறட்டை விடும் குழந்தைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைக் கிளப்பிவிடும். சளி சிரப்பின் அட்டையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு போட்ட உத்தரவு. உங்கள் பிள்ளை அந்த வயதை இப்போதுதான் தாண்டியிருக்கிறான். அவனுக்கும் இவை எரிச்சலும் படபடப்பும் தரலாம். வீசிங்குக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் கை நடுக்கத்தையும் துள்ளலையும் உண்டாக்கும். வீசிங்குக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மாண்டிலுகாஸ்ட் சில குழந்தைகளின் தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கும். மருத்துவர் எழுதிய வீசிங் மருந்து ஏதும் இருந்தால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், அவரிடம் கேட்டு மாற்றுங்கள். கடையில் கேட்டு வாங்கும் சிரப்பை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். குதிப்பதையும் ஏறுவதையும் விரிவாக எழுதிவிட்டு, தூக்கம், குறட்டை, சுவர் தின்பது மூன்றையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த மூன்று வரிகள்தான் முக்கியமாகப் படுகின்றன.

பதினொன்றிலிருந்து ஆறரை வரை ஏழரை மணி நேரம். மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. இவன் பகலில் தூங்கவில்லை என்றால் தினமும் குறைந்தது இரண்டரை மணி நேரம் கடன் வைக்கிறான். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார். சிறு பிள்ளை அப்படி விழாது, துள்ளும். களைத்த உடலை விழிப்பாக வைத்திருக்க உள்ளே கிளர்ச்சி தரும் ஹார்மோன்கள் வேலை செய்கின்றன. தன்னை அடக்கிக்கொள்ளும் மூளையின் முன்பகுதியோ இந்த வயதில் இன்னும் முதிரவில்லை, களைப்பில் முதலில் கைவிடுவதும் அதுதான். காலையில் நன்றாக இருப்பவன் மதியத்துக்கு மேல் உட்கார மறுக்கிறான், ஆறு மணிக்கு முற்றிலும் கையை மீறுகிறான் என்றால், அந்த வரிசையே களைப்பு ஏறிக்கொண்டு போவதைத்தான் காட்டுகிறது.

படுக்கும் நேரத்தை ஒரே நாளில் எட்டரைக்கு இழுத்தால் பிள்ளை படுக்கையில் புரண்டு அழுவான், நீங்களும் நான்காம் நாள் விட்டுவிடுவீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். பதினொன்றிலிருந்து எட்டரைக்கு வரப் பத்துப் படி, 30 நாள் ஆகும். ஞாயிறு உட்பட எழுப்பும் நேரத்தை மாற்றாதீர்கள். ஞாயிறு காலை ஒன்பது வரை தூங்க விட்டால் அன்று இரவே எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்பாவுக்காகக் காத்திருப்பதுதான் பெரிய தடை. அப்பாவோடு இருக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள்: அப்பாவே எழுப்பி, குளிக்க வைத்து, பள்ளிக்கு அனுப்பட்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, மொபைல் இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

நேரம் சரியானாலும் குறட்டை இருந்தால் அந்தத் தூக்கம் தூக்கமாகாது. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, திறந்த வாய், தலை வியர்ப்பது, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, மூச்சு நின்று திடுக்கென இழுப்பது ஆகியவை மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதை வீங்கியிருப்பதற்கான அடையாளங்கள். ஒவ்வொரு முறை மூச்சு தடைபடும்போதும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. இரவில் குறட்டை விட்டுவிட்டுப் பகலில் அடங்காமல் திரிவது இத்தகைய பிள்ளைகளிடம் வழக்கமாகப் பார்ப்பதுதான். சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சும் முகமும் தெரியும்படி, தூங்கும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு உங்கள் வார்த்தைகளைவிட அந்த வீடியோ அதிகம் சொல்லும். சதையின் அளவைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பார்க்கலாம். மிதமாக இருந்தால் சில வாரம் மூக்கு ஸ்பிரே போதும், பெரிதாக இருந்து மூச்சும் தடைபட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வீங்கிய அடினாய்டு, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயை அடைத்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோக்க வைக்கும். வலி இருக்காது, காது மட்டும் மந்தமாகும். ‘காதில் விழாதது போல’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே விழாமலும் இருக்கலாம். அதே மருத்துவரிடம் கேட்கும் திறனையும் செவிப்பறை அசைவையும் சோதித்துவிடுங்கள். காது கேட்காத பிள்ளையைச் சொல்பேச்சு கேட்கவில்லை என்று அடிப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

சுவர் சுரண்டித் தின்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. எனவே இதில் உங்கள் வளர்ப்பின் குறை எதுவும் இல்லை. இரும்பு குறைந்தால் எரிச்சல், கவனக் குறைவு, இரவில் கால்களை உதறிப் புரளும் தூக்கம் எல்லாம் வரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டையும் பாருங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. 11-க்கு மேல் இருந்தாலும் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், அதனால்தான் இரண்டும். குறைவு உறுதியானால் வழக்கமான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு. 14 கிலோவுக்கு 42 மில்லிகிராம். அட்டையில் இரும்பு உப்பின் எடையும் தனி இரும்பின் எடையும் வேறுவேறாகப் போட்டிருப்பார்கள், கணக்கு தனி இரும்புக்கு. எத்தனை மில்லி என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். பாலோடும் டீயோடும் கொடுத்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள். மலம் கறுப்பாகும், பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும், பாதியில் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. பாட்டிலைப் பூட்டி வையுங்கள். இரும்பு சிரப்பை மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் கொடுத்தால் குறையுங்கள், பால் வயிற்றை நிரப்பிச் சாப்பாட்டைத் தள்ளிவிடும். பழைய பெயின்ட் உதிரும் சுவர் என்றால் ஈயம் உடலில் சேர்ந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். இரும்பு குறைந்த உடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

சாக்லேட்டைப் பற்றி மாமியார் சொல்வதற்குச் சுருக்கமான பதில்: சர்க்கரை பிள்ளையைத் துள்ள வைப்பதில்லை என்பது பலமுறை சோதித்து உறுதியானது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புச் சாயம் சேர்த்த மிட்டாயும் குளிர்பானமும் வேறு. 2007-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில் அவை சில குழந்தைகளின் துள்ளலைக் கூட்டின. மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள், நஷ்டமில்லை. சுற்றிப் போடுவதாலும் தீங்கில்லை, மருத்துவம் தாமதமாகாமல் இருந்தால் சரி.

மருத்துவரைப் பார்ப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். அதற்குள் வீட்டில் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி ஆறு மணிக்கு முன்னால் இருக்கிறது. ஆட்டம் உச்சத்துக்குப் போன பிறகு எந்த உபதேசமும் எடுபடாது. ஒரு நோட்டில் 14 நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அதற்கு அரை மணி முன்பு என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, யார் என்ன செய்ததும் நின்றது. பசியா, மொபைலைப் பிடுங்கியதா, வீட்டில் கூட்டமா, நீங்கள் வேலையிலிருந்து வந்து நுழைந்த நிமிடமா என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஐந்து மணிக்குச் சுண்டல், வாழைப்பழம், கடலை உருண்டை என்று வயிறு நிற்கும் எதையாவது கொடுங்கள், தண்ணீரும் கொடுங்கள். ஐந்தேகாலிலிருந்து முக்கால் மணி நேரம் உடம்பு களைக்கும் வேலை: தெருவில் ஓட்டம், சைக்கிள், பாதி நிரம்பிய வாளியைத் தள்ளுவது, துணிக்கூடையைத் தூக்கி வருவது. ஆறு மணிக்குக் குளியல், பிறகு விளக்கைக் குறைத்து அமைதியான விளையாட்டு. மாமியாருக்கு முட்டி வலி என்றால் பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். மொபைல், டிவி இரண்டும் சேர்த்து நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். வீடியோவின் நடுவில் பிடுங்காதீர்கள். ‘இது முடிந்ததும் அணைக்கிறோம்’ என்று முன்பே சொல்லி, முடிந்ததும் அவன் கையாலேயே அணைக்கச் செய்யுங்கள்.

அப்படியும் ஆட்டம் தொடங்கிவிட்டால் முதல் வேலை பாதுகாப்பு. மொட்டை மாடிக் கதவு, தண்ணீர்த் தொட்டி மூடி, சிலிண்டர் ரெகுலேட்டர், கத்தி ஆகியவற்றை ஐந்தரைக்கே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும் கையாளட்டும், மற்றவர்கள் அறையை விட்டுப் போய்விடுங்கள். பார்க்க ஆள் இருக்கும்வரை ஆட்டம் நிற்காது. தூரத்திலிருந்து கத்தாமல் கைக்கெட்டும் தூரத்துக்குப் போய், குனிந்து, தாழ்ந்த குரலில், செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். ‘ஏறாதே’ என்றால் அவன் மனதில் ஏறுவதுதான் நிற்கும். ‘கீழே இறங்கு’ என்று சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். உடனே திருப்பிச் சொன்னால் முதல் சொல்லுக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொள்வான். இறங்கவில்லை என்றால் பேசாமல் தூக்கி இறக்குங்கள். ஆபத்தில்லாத குதியையும் கூச்சலையும் கண்டுகொள்ளாதீர்கள். அடித்தாலோ பொருளை வீசினாலோ மட்டும், உங்கள் கண்ணில் படும் ஒரு மூலையில் நான்கு நிமிடம் உட்கார வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இருட்டறையில் பூட்டுவது, கட்டிப் போடுவது, பூச்சாண்டி காட்டுவது கூடவே கூடாது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கண்டுகொள்ளாமல் விட்ட முதல் வாரம் ஆட்டம் கூடும். இதுவரை வேலை செய்த கூச்சல் இப்போது ஏன் வேலை செய்யவில்லை என்று பிள்ளை இன்னும் உரக்கக் கத்திப் பார்ப்பான். ஐந்தாம் நாள் பாட்டி மனமிளகி மொபைலைக் கொடுத்துவிட்டால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிடும். நீங்கள், கணவர், மாமியார் மூவரும் ஒரே விதியில் நிற்க முடியாது என்றால் தொடங்காமல் இருப்பதே மேல். அடியும் அப்படித்தான். அந்த நிமிடம் அடங்குவதால் பலன் இருப்பது போலத் தோன்றும். ஏற்கெனவே கொதிக்கும் உடம்பை அது இன்னும் சூடாக்குகிறது, கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்றும் கற்றுக்கொடுக்கிறது. ஓய்ந்த பிறகு விசாரணை வேண்டாம். தண்ணீர் கொடுத்து அணைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் பத்து நிமிடம் அவன் சொல்கிற விளையாட்டை அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடுங்கள், கட்டளை இல்லை, திருத்தம் இல்லை, உங்கள் போனும் இல்லை. நல்லதைச் செய்த சில நொடிக்குள், செய்தது என்ன என்று சொல்லிப் பாராட்டுங்கள்: ‘தட்டை நீயே கொண்டுபோய் வெச்சியே!’ வெறும் ‘குட் பாய்’ எதற்கு என்று அவனுக்குப் புரியாது.

மிஸ் சொன்ன ஹைப்பர் ஆக்டிவ், அதாவது ஏ.டி.எச்.டி., கடிகாரம் பார்த்து வருவதில்லை. காலை, மாலை, வீடு, பள்ளி எல்லா இடத்திலும், குறைந்தது ஆறு மாதம், படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கும் அளவுக்கு இருந்தால்தான் அந்தப் பெயர். நீங்கள் எழுதியது அப்படித் தெரியவில்லை. கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதால், காலை வகுப்பில் எப்படி, மதியம் எப்படி என்று மிஸ்ஸிடம் எழுதி வாங்குங்கள். ஏ.டி.எச்.டி.யாகவே இருந்தாலும் இந்த வயதில் முதல் சிகிச்சை மேலே சொன்ன பெற்றோர் பயிற்சிதான். மெதில்பெனிடேட் போன்ற மருந்துகள் பொதுவாக ஆறு வயதுக்கு மேல். அதற்கு முன் கொடுப்பது, பயிற்சி பலிக்காதபோது சிறப்பு மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

சில நிலைகளில் காத்திருக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவே வெறித்து நின்று விடுவது, கண் மேலே செருகுவது, முடிந்ததும் ஆழ்ந்து தூங்குவது இருந்தால் வலிப்பாக இருக்கலாம், வீடியோவோடு உடனே காட்டுங்கள். தலையில் அடிபட்ட பிறகோ காய்ச்சலோடோ புதிதாக வந்தாலும் அப்படியே. முகம் சிவந்து, வாய் வறண்டு, கண்மணி விரிந்து, இல்லாததைப் பிடிக்கப் போவது போலக் கை நீட்டிப் பிதற்றினால் ஊமத்தங்காய் தின்றிருக்கலாம், அல்லது தாத்தா பாட்டியின் மாத்திரையை விழுங்கியிருக்கலாம். 108-ஐ அழையுங்கள், வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள்.

முதல் வாரம் குழந்தை மருத்துவரிடம் ரத்தச் சோதனை, அடுத்த வாரம் காது மூக்கு தொண்டை மருத்துவர். படுக்கும் நேரத்தை இன்றிரவே நகர்த்தத் தொடங்குங்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்று தோன்றும் நாளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஆறு வாரம் கழித்து நோட்டைத் திறந்து, முக்கால் மணி நேரம் எவ்வளவாகியிருக்கிறது என்று பாருங்கள். பாதியாகக் கூடக் குறையவில்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறியும் இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டு, நோட்டு, வீடியோ, மிஸ் எழுதிய தாள் மூன்றோடும் போய்க் காட்டுங்கள்.