மகன் கேட்பது ஹெலிகொப்டர், முதலில் வாங்க வேண்டியது ட்ரக்

கேள்வி: என் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ரிமோட்டில் பறக்கும் ஹெலிகொப்டர் வேண்டுமென்று ஒரே பிடிவாதம். கனடாவில் இருக்கும் என் தம்பி ஆகஸ்டில் வருகிறான். ஹெலிகொப்டரோ பெரிய ட்ரக்கோ, எதென்று சொன்னால் வாங்கி வருவதாகச் சொல்கிறான். உப்புவெளியில் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. எதை வாங்கச் சொல்லலாம்? ஆபத்து ஏதும் இருக்கிறதா? திருகோணமலையில் இதையெல்லாம் ஓட்ட இடம் உண்டா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்:

தம்பியிடம் ட்ரக்கைச் சொல்லுங்கள், சகோதரி. ஹெலிகொப்டர் கூடாது என்று மகனிடம் சொல்ல வேண்டாம். முதல் ஹெலிகொப்டர் கையளவு சின்னதாக, வீட்டு ஹோலுக்குள் பறப்பதாக இருக்கட்டும். பெரியது பிறகு வரலாம். மகன் முகம் கோணுவான் என்பது தெரியும். அதனால் காரணத்தை நீங்களே அவனுக்கு எடுத்துச் சொல்லும்படி கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரிமோட்டில் ஓடும் எதிலும் புதிதாக வருபவரைத் தடுமாற வைப்பது ஒன்றுதான். வண்டி நம்மை விட்டு விலகிப் போகும்போது இடது என்றால் இடது, வலது என்றால் வலது. அதே வண்டி திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். மூளைக்கு இது தெரிந்தாலும் விரலுக்குத் தெரியாது. ட்ரக்கில் இந்தக் குழப்பம் வந்தால் விசையை விட்டுவிடலாம், வண்டி நின்றுவிடும். ஹெலிகொப்டரில் விட்டால் அது விழும். மகன் முற்றத்தில் இரண்டு செங்கல்லை எட்டடி இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடட்டும். யோசிக்காமல் விரல் தானாகத் திரும்பும்வரை போடட்டும். அந்தப் பழக்கம் பின்னால் ஹெலிகொப்டருக்கு அப்படியே கைகொடுக்கும்.

ஹெலிகொப்டரில் ஒரே நேரத்தில் நான்கு வேலை நடக்கிறது: ஏற்றம் இறக்கம், முன்பின், இடம் வலம் சாய்வு, வாலைத் திருப்புதல். இரண்டு கையும் நிற்காமல் சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். கடையில் ஹெலிகொப்டர் என்ற ஒரே பெயரில் மூன்று வகை விற்கிறார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு விசிறி எதிரெதிராகச் சுற்றும் வகை முதலாவது. ஒரு விசிறியின் முறுக்கத்தை மற்றது ஈடுசெய்துவிடுவதால் அது ஆடாமல் நிற்கும். ஆனால் ஜன்னல் காற்றுக்குக்கூடத் தள்ளுப்படும். இரண்டாவது, ஒற்றை விசிறியும் வால் விசிறியும் கொண்டது. ஏறி இறங்க விசிறித் தகட்டின் (விசிறியின் இறக்கை) கோணம் மாறாது, விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே ஏறி இறங்கும். டபிள்யூ.எல்.டோய்ஸ் வி911 போன்ற, சில பத்துக் கிராம் மட்டுமே எடையுள்ள சின்ன ஹெலிகொப்டர்கள் இந்த ரகம். சுவரில் மோதினாலும் பெரும்பாலும் எடுத்து மறுபடி பறக்கவிடலாம். உங்கள் மகனுக்குச் சரியானது இதுதான். மூன்றாவது வகையில் ஏறி இறங்கத் தகட்டின் கோணமே மாறும். தலைகீழாகப் பறந்து வித்தை காட்டுவதெல்லாம் அதுதான். அவன் பார்த்து ஆசைப்பட்டதும் அநேகமாக இதைத்தான். ஒருமுறை விழுந்தால் தகடு, அச்சு, பற்சக்கரம், வால் குழாய் எல்லாம் சேர்ந்தே போகும். ஒவ்வொரு பாகமும் வெளியிலிருந்து வர வேண்டும்.

செலவை விடப் பெரிய விஷயம் அந்தத் தகடு. 450 என்று அழைக்கப்படும் நடுத்தர ஹெலிகொப்டரின் ஒரு தகடு சுமார் 325 மில்லிமீட்டர் நீளம். விசிறி நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் சுற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தகட்டு நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 2013 இல் நியூயோர்க்கில் ஒரு பூங்காவில், இதைவிடப் பெரிய மொடல் ஒன்றைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த அனுபவமுள்ள இளைஞர் ஒருவர் தன் ஹெலிகொப்டரின் தகடு தாக்கியே உயிரிழந்தார். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கூடவே நின்று சொல்லிக்கொடுக்க அனுபவசாலி ஒருவர் இல்லாத 16 வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

அப்புறம் இடம். திருகோணமலை மற்ற ஊர்களைப் போல இல்லை. சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் விமான நிலையமும், துறைமுகத்தில் கடற்படை, பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம். நம் நாட்டில் ஆளில்லாமல் பறப்பவற்றுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. ட்ரோன் கொண்டு வருபவர்களைச் சுங்கத்தில் கேள்வி கேட்கிறார்கள். ஹெலிகொப்டரையும் அதே கண்ணோடு பார்க்க இடமுண்டு. ஆகவே தம்பி பெட்டி கட்டுவதற்கு முன்பே மொடலின் பெயர், எடை இரண்டையும் குறிப்பிட்டு அதிகாரசபைக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் பறக்கவிடும் நாள் வரும்போது பொலிஸ் நிலையத்திலும் மைதானத்துக்குப் பொறுப்பானவரிடமும் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். கோட்டைப் பக்கமும் கோணேசர் கோயில் பக்கமும் எண்ணவே வேண்டாம். தரையில் ஓடும் ட்ரக்குக்கு இந்தப் பறப்பு விதிகள் எதுவும் இல்லை.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகஸ்டில் தம்பி வரும்போது கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்கும். அது அடங்கினால் பின்னாலேயே வாடையும் மழையும். கையளவு ஹெலிகொப்டருக்கு இரண்டிலும் இடமில்லை. வீட்டுக்குள் கதவு ஜன்னலைச் சாத்தி, முக்கியமாக மேல் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கீழே பாய் விரித்துப் பழகலாம். புதியவர்கள் பயத்தில் தரையை ஒட்டியே பறக்கவிடப் பார்ப்பார்கள். அங்கேதான் விசிறி தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி வந்து ஹெலிகொப்டரை அலைக்கழிக்கும். இடுப்புயரத்துக்கு ஏற்றிவிட்டால் அமைதியாகிவிடும். முதலில் வால் தன் பக்கம் இருக்கும்படி வைத்து ஒரே இடத்தில் நிறுத்தட்டும். அது கைவந்த பிறகு பக்கவாட்டில். மூக்கைத் தன் பக்கம் திருப்புவது கடைசியில். அப்படித் திருப்பியபின் இடம் வலம் குழம்பினால் ஒரு வழி இருக்கிறது: எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும்.

வீட்டில் லாப்டொப் இருந்தால் ரியல்ஃபிளைட், ஹெலி-எக்ஸ் போன்ற பயிற்சி மென்பொருள் ஒன்றையும் போட்டுக்கொடுங்கள். பொருத்தமான ரிமோட்டை யூஎஸ்பி வழியாக இணைத்துத் திரையிலேயே பறக்கலாம். திரையில் எத்தனை முறை விழுந்தாலும் காசு போகாது. பெரிய ஹெலிகொப்டரைப் பற்றிய பேச்சை, அவன் இதில் மூக்கைத் தன் பக்கம் வைத்துத் தடுமாறாமல் நிறுத்திக் காட்டிய பிறகு எடுங்கள்.

சரி, ட்ரக். விளையாட்டுப் பொருள் கடையில் கிடைப்பது வேறு, இந்தப் பொழுதுபோக்குக்கென்று செய்யப்படுவது வேறு. கடைப் பொம்மையில் முழுவேகம் அல்லது நிறுத்தம்தான், உடைந்தால் குப்பை. நல்ல மொடலில் விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம், ஒவ்வொரு ஸ்குரூவும் தனியாக வாங்கலாம். வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதைத்தான். வேகத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். ட்ராக்ஸஸ், அக்ஸியல், டமியா ஆகிய நிறுவனங்களின் வண்டிகளுக்குக் கனடாவில் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

வேகம் பிடித்த பிள்ளை என்றால் ட்ராக்ஸஸ் ஸ்டாம்பீட், ஸ்லாஷ் போன்ற பத்தில் ஒரு பங்கு அளவு ட்ரக், அதுவும் பிரஷ் மோட்டர் போட்டது. அதைவிட வேகமான பிரஷ்லெஸ் மோட்டர் வேண்டாம். பிரஷ் மோட்டரிலேயே மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும், கணுக்காலில் பட்டால் எலும்பு தாங்காது. இவற்றில் வரும் எக்ஸ்.எல்-5 என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில், சக்தியைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி முறை ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் அதிலேயே ஓடட்டும். பொறுமையான பிள்ளை என்றால் கிரோலர் என்ற வகை இன்னும் நல்லது. அது வேகமாக ஓடாது, கல்லிலும் தென்னை வேரிலும் படியிலும் மெல்ல மெல்லப் பிடித்து ஏறும். அக்ஸியலின் எஸ்.சி.எக்ஸ்.24 கைக்குள் அடங்கும், முற்றமே அதற்குப் போதும். எனக்குப் பிடித்தது கிரோலர்தான். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று குந்தியிருந்து பார்க்கும் பிள்ளை, இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் தானாகவே கற்றுக்கொள்கிறது.

எங்கே ஓட்டுவது? கடற்கரை வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவன் முதலில் அங்கேதான் ஓடுவான். அங்கே மட்டும் விடாதீர்கள். காய்ந்த மணல் பற்சக்கரத்துக்குள்ளும் மோட்டருக்குள்ளும் போகும். ஈர மணலில் உப்பு. பெட்டியில் ‘நீர் புகாது’ என்று எழுதியிருப்பது மழைத் தண்ணீரை நினைத்து, கடல் தண்ணீரை நினைத்து அல்ல. கடற்கரையில் ஓடிய ட்ரக்கை அப்படியே வைத்துவிட்டுச் சில நாள் கழித்து ஒரு சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டியது நறநறவென்று தேயும், சக்கரம் இலகுவாகச் சுற்ற உதவும் பெயரிங்கின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு கசிந்திருக்கும். எப்படியும் ஒருநாள் போய்விட்டு வருவான். அன்று பற்றரியைக் கழற்றிவிட்டு, பீச்சியடிக்காமல், நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும். நிழலில் நன்றாக உலர்த்தி, பெயரிங்குகளுக்கு ஒவ்வொரு துளி எண்ணெய் விட வேண்டும். கடலோரக் காற்றிலேயே உப்பு இருப்பதால், ஓட்டாத நாளிலும் ட்ரக்கை வராந்தாவில் போடாமல் மூடியுள்ள பெட்டியில் வைப்பது நல்லது.

ஓட்ட நல்ல இடம், இறுகிய மண் தரையும் சிறு கல்லும் உள்ள வெற்றுக் காணி, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. விடுமுறையில் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம், அதிபர் அனுமதித்தால். கிரிக்கெட் நடக்கும் நேரத்தில் வேண்டாம், வீதியில் ஒருபோதும் வேண்டாம். நகருக்குள் புள்ளிமான்கள் உலாவும் இடங்களில் வண்டியைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மிரண்டால் அவை வாகனத்துக்குக் குறுக்கே பாயும்.

நீங்கள் தாயாக நேரடியாகக் கவனிக்க வேண்டியது பற்றரியை. லித்தியம் பொலிமர் பற்றரி தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும். பற்றரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும், நல்ல சார்ஜரில் அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கும். சார்ஜ் ஏற்றும் மின்னோட்டம் பற்றரியின் கொள்ளளவுக்குச் சமமாக இருந்தால் போதும்: 2,200 மில்லி அம்பியர் மணி என்றால் 2.2 அம்பியர். ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. பாயிலோ கட்டிலிலோ அல்ல, வெறும் சீமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பற்றரி வீங்கினால் அன்றோடு அதன் வேலை முடிந்தது. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் ஒருபோதும் விட்டுவைக்க வேண்டாம். இதெல்லாம் தொல்லையாக இருக்கிறதென்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரியோடு தொடங்குங்கள். ஓடும் நேரம் கொஞ்சம் குறையும், உங்களுக்கு நிம்மதி.

தம்பிக்கு எழுதும்போது சிலவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்கட்டும், இல்லையென்றால் இங்கே செருகிய கணமே கருகிவிடும். ஹெலிகொப்டர் ரிமோட் மோட் 2 ஆக இருக்கட்டும், அதில் ஏற்றம் இறக்கம் இடது கையில் வரும். உதிரி பற்றரிகளைப் பெரிய பெட்டிக்குள் போடக் கூடாது. முனைகளை டேப் ஒட்டி மூடிக் கைப்பையில் கொண்டுவர வேண்டும். பொதுவாக 100 வொட் மணிக்கு உட்பட்டவற்றை விமானத்தில் விடுவார்கள். 7.4 வோல்ட், 5,000 மில்லி அம்பியர் மணி பற்றரி 37 வொட் மணிதான். இருந்தாலும் விமான நிறுவனத்திடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

கூடவே 1.5, 2, 2.5 மில்லிமீட்டர் அறுகோணச் சாவிகள் நல்ல உருக்கில் ஒரு தொகுதி, ஸ்குரூ கழறாமல் பிடிக்கும் நீல நிற லொக்டைட் பசை ஒரு சின்னக் குப்பி. இரும்பில் இரும்பு ஏறும் ஸ்குரூவுக்கு மட்டும் அந்தப் பசை, பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விழும். பற்சக்கரம் மாற்றும்போது மோட்டரை எவ்வளவு நெருக்கி வைப்பது என்று மகன் கேட்பான். கொப்பியிலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்து இரண்டு பற்சக்கரத்துக்கும் நடுவில் கொடுத்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்குரூவை இறுக்கி, பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுக்கட்டும். தாளில் பல் பதிந்த மடிப்பு மட்டும் இருந்தால் இடைவெளி சரி. தாள் கிழிந்து வந்தால் இறுக்கம் அதிகம், கொஞ்சம் தளர்த்த வேண்டும். முன் அச்சுக் கைகள், ஸ்டியரிங் இணைப்புகள், இரண்டு பற்சக்கரம், ஒரு தொகுதி பெயரிங் ஆகியவற்றைத் தம்பி ட்ரக்கோடு சேர்த்தே வாங்கி வரட்டும். முதலில் உடைவதும் தேய்வதும் இவைதான்.