ஒருமுறை படித்துவிட்டு எறிவதற்கல்ல

வாசகர் கேள்விகளுக்குத் துப்பறியும் நாவலாசிரியரின் பதில்கள்

மாத நாவல்களைச் சேகரிப்பது பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். என் கதைகளைப் பற்றிய கேள்விகளை இன்னொரு முறைக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை புத்தகச் சேகரிப்பைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஐயா, துப்பறியும் நாவல்கள் ஒருமுறை படித்துவிட்டு எறிவதற்காகவே எழுதப்படுகின்றன என்று எங்கள் தமிழாசிரியர் சொல்வார். அவற்றைப் பணம் கொடுத்து வாங்கிச் சேர்த்து வைப்பதில் என்ன பயன்? (வாசகர், கொட்டாஞ்சேனை)

உங்கள் ஆசிரியர் சொல்வதில் பாதி உண்மை. அவற்றை வெளியிட்டவர்களே அவை நிலைக்கும் என்று எண்ணவில்லை. மலிவான தாளில் அச்சிட்டு, முதுகில் இரண்டு கம்பி அடித்து, மெல்லிய அட்டை போட்டு, ஒரு மாதம் கடையில் தொங்கினால் போதும் என்ற கணக்கில்தான் வெளியிட்டார்கள். அதனாலேயே அவை சேகரிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. திருக்குறளின் ஒரு பிரதி அழிந்தால் வேறு ஆயிரம் பிரதிகள் இருக்கின்றன. பேருந்து நிலையத்தில் வாங்கி, வவுனியா போய்ச் சேருவதற்குள் படித்து முடித்து, இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கிய நாவலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பெரும்பாலான நூலகங்கள் அதைத் தங்கள் பதிவேட்டில் ஏற்றவே இல்லை. வாங்கிய வாசகர் வைத்திருந்தால் உண்டு. இல்லையென்றால் அது கடலைச் சுருளாகப் போயிருக்கும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய கதை 1887 இல் இங்கிலாந்தில், ஒரு ஷில்லிங் விலையுள்ள கிறிஸ்மஸ் மலரில் வெளிவந்தது. வாங்கியவர்கள் படித்துவிட்டு எறிந்தார்கள். எஞ்சிய மிகச் சில பிரதிகளுள் ஒன்று 2007 இல் ஏலத்தில் 156,000 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. ஒரு தலைமுறை குப்பை என்று ஒதுக்கியதை அடுத்தடுத்த தலைமுறைகள் எவ்வளவு தவிப்போடு தேடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நம் மாத நாவல்களுக்கு அப்படி விலை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் ஆசிரியரிடம் இன்னொன்றையும் பணிவோடு சொல்லுங்கள். இலங்கையில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட அசன்பே சரித்திரம். எகிப்திலே பிறந்த ஒரு குழந்தை கடத்தப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் கதை அது. ஆகவே கடத்தலும் மர்மமும் நம் நாவல் மரபுக்குள் பிற்காலத்தில் யாரோ புகுத்திய சரக்கல்ல. அந்த மரபு தொடங்கியதே அங்கேதான்.

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் பழைய வீட்டை விற்றுவிட்டுத் தொடர்மாடிக்குப் போகிறோம். காலஞ்சென்ற எங்கள் அப்பா சேர்த்த புத்தகங்கள் இரண்டு அலுமாரி நிறைய இருக்கின்றன. சகோதரர்கள் எல்லோரும் வெளிநாட்டில். போத்தல், பழைய பேப்பர் வாங்குபவரிடம் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, வெள்ளவத்தை)

சகோதரி, கொடுத்துவிடாதீர்கள். உங்கள் மனம் சொல்வதுதான் சரி.

முதலில் எதையும் பிரிக்காமல் ஒரு கொப்பியில் பட்டியல் எழுதுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், வெளியிட்டவர், அச்சகம், ஆண்டு ஆகிய ஐந்தும் போதும். அப்பா புத்தகங்களை அடுக்கி வைத்திருந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். எதை எதற்குப் பக்கத்தில் வைத்தார் என்பதும் ஒரு வாசகரைப் பற்றிய செய்திதான். ஒவ்வொரு புத்தகத்தையும் ஒருமுறை மெல்லப் புரட்டிப் பாருங்கள். பழைய புகைவண்டிச் சீட்டு, கடிதம், கடைப் பற்றுச்சீட்டு, வாங்கிய திகதியோடு அவர் இட்ட கையொப்பம் என எது இருந்தாலும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து, இலங்கையில் அச்சானவற்றைத் தனியாகக் குறியுங்கள். சென்னையில் பெருந்தொகையாக அச்சான ஒரு நாவலை இன்னும் தேடிப் பெறலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பு செட்டியார் தெருவிலோ சில நூறு பிரதிகள் மட்டும் அச்சான ஒரு நாவலுக்கு, உங்கள் அலுமாரியில் இருப்பதே எஞ்சிய ஒன்றிரண்டு பிரதிகளில் ஒன்றாக இருக்கக்கூடும். போரிலும் இடப்பெயர்விலும் எத்தனை வீட்டு அலுமாரிகள் அழிந்தன என்பது உங்களுக்குத் தெரியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி நாம் பேசுகிறோம், பேச வேண்டும். வீடுகளில் அழிந்தவற்றுக்குக் கணக்கே இல்லை.

வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துத் தைத்த கட்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அந்தத் தலைமுறையினர் இதைப் பெரும் பக்தியோடு செய்தார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் வெளிவந்த பொன்னியின் செல்வனை மணியத்தின் ஓவியங்களோடு அப்படித் தைத்து வைத்த வீடுகள் கொழும்பிலும் இருந்தன. பிற்காலப் புத்தகப் பதிப்புகள் பலவற்றில் அந்த ஓவியங்கள் இல்லை. ஓர் அத்தியாயம் எந்த இடத்தில் வாசகரை ஒரு வாரம் காக்க வைத்தது என்பதை அந்தக் கட்டுதான் அப்படியே காட்டும். தொடர்கதை எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல பாடநூல் இல்லை என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். பழுதாகிவிட்டது என்று எண்ணி எந்தக் கட்டையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

பட்டியல் முடிந்த பின்னர், அதன் பிரதியோடு வெள்ளவத்தையிலேயே உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தை அணுகுங்கள். 1942 இல் தொடங்கிய சங்கம் அது. எதைச் சேர்த்துக்கொள்வார்கள், எதைச் சேர்க்க மாட்டார்கள் என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் எடுக்காதவற்றுக்காகப் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் எழுதலாம். எவரும் கேட்காத மாத நாவல்கள் மீந்தால், சேகரிப்பவர்களுக்கு இந்தப் பகுதியின் வாயிலாகவே அறிவிக்கிறேன். பட்டியலை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். அப்பாவின் கையெழுத்துள்ள ஒரு புத்தகத்தையாவது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடமுள்ள 1970களின் நாவல்கள் மஞ்சளாகி, தொட்டாலே ஒடிகின்றன. பூச்சியும் அரிக்கிறது. கடற்கரைக்கு அருகில் வசிக்கிறேன். பாச்சை உருண்டை போட்டும் பயனில்லை. (வாசகர், தெஹிவளை)

உங்களை வருத்துபவை மூன்று: தாளின் உள்ளே இருக்கும் அமிலம், காற்றின் ஈரம், பூச்சி. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

மலிவான தாள் மரக்கூழை அப்படியே அரைத்துச் செய்யப்படுவது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாததால், ஒளியும் காற்றும் பட்டவுடன் அது மஞ்சளாகி அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் தாளின் நார்களை அறுக்கிறது. இதைத் தாமதப்படுத்தலாம், வீட்டில் முற்றாக நிறுத்த முடியாது. சாளர வெளிச்சம் விழாத இடத்தில் வையுங்கள். ஒடிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பு நிறக் கறையாகித் தாளைத் தின்றுவிடும். லமினேட் செய்வதும் கேடுதான். மிகவும் நொய்ந்த புத்தகத்தை ஒருமுறை கைப்பேசியிலாவது பக்கம் பக்கமாகப் படம்பிடித்துவிட்டு, பின்னர் படத்தையே படியுங்கள்.

ஈரம் கொழும்பில் பெரிய சிக்கல். புத்தகங்களுக்கு ஏற்ற காற்றீரம் ஏறத்தாழ 50 விழுக்காடு என்பார்கள். நம் நகரிலோ ஆண்டின் பெரும்பகுதி 70க்கும் மேலேதான். பூஞ்சணம் பிடிப்பது அதனால்தான். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். மழையில்லாத நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். வெயிலில் காயவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது பூச்சியைச் சற்று விரட்டினாலும் தாளை இன்னும் நொய்யச் செய்யும். கடற்காற்றில் கம்பிகள் துருவேறி, துருப் பட்ட இடத்தில் தாள் ஓட்டையாகும். அப்படிப்பட்ட கம்பியை மெல்ல நிமிர்த்திக் கழற்றிவிட்டு, பழைய துளைகளின் வழியாகவே வெள்ளைப் பருத்தி நூலால் தையுங்கள்.

பூச்சிக்குப் பாச்சை உருண்டை வேண்டாம். அதன் புகை மனிதருக்குத்தான் அதிகம் தீங்கு. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு முதலியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளிடையே வைக்கும் பழைய முறை உண்டு. இராமபாணப் பூச்சி புதிதாக வராமல் தடுக்க நானும் வசம்பு வைக்கிறேன். ஏற்கெனவே உள்ளே துளைத்துப் புகுந்துவிட்ட புழுவை அது கொல்லாது. அதற்குப் புத்தகத்தைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வைக்கலாம். பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியஸ் வரை குளிரும் தனி உறைபெட்டி கிடைத்தால் ஒரு வாரமே போதும். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தாளின்மேல் நீராகப் படிந்து, பூச்சி செய்ததைவிடக் கூடிய சேதத்தைச் செய்துவிடும்.

நான் உயர்தரம் படிக்கிறேன். கையில் அதிகப் பணமில்லை. எதிலிருந்து சேகரிக்கத் தொடங்கலாம், எங்கே வாங்கலாம்? (வாசகர், வத்தளை)

தம்பி, எல்லாவற்றையும் சேர்க்க முனைந்தால் பணமும் இடமும் முடிந்து, ஆசையும் முடிந்துவிடும். ஒரு வரிசையைத் தெரிந்தெடுத்துக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைப்பது 1970களில் வந்த வீரகேசரிப் பிரசுரங்கள். அந்தத் தசாப்தத்தின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, நம் எழுத்தாளர்களுக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்த வெளியீடுகள் அவை. செங்கை ஆழியானின் வாடைக்காற்று அவற்றுள் ஒன்று. 1978 இல் திரைப்படமாகவும் வந்தது. 1977க்குப் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டதும் நிலைமை மாறிவிட்டது. அந்தச் சில ஆண்டுகளின் கதை முழுவதையும் ஒரே தட்டில் அடுக்கிவிடலாம்.

புதிய நூல்களுக்குச் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் புத்தகசாலைகள் உண்டு. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியும் உண்டு. பழைய நூல்களுக்கு மருதானையில் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளுக்குப் போங்கள். சிங்கள, ஆங்கில நூல்களே அங்கு மிகுதி. தமிழ் நூல்கள் அடியில் கிடக்கும். கடைக்காரரிடம் நீங்கள் தேடும் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், மறுமுறை எடுத்து வைத்திருப்பார். படிக்க விரும்பாத புத்தகத்தை, அரிதானது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

முதற் பதிப்பு என்பதை எப்படி உறுதி செய்வது? (வாசகி, கண்டி)

‘முதற் பதிப்பு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வேறொரு பதிப்பகம் அதே நாவலை முப்பது ஆண்டு கழித்து வெளியிடும்போதும், தனக்கு அது முதல் என்பதால் அப்படியே போடுவதுண்டு. அச்சகத்தின் பெயரையும் விலையையும் பின்னட்டை விளம்பரத்தையும் சேர்த்துப் பாருங்கள். இலங்கை நூல்களுக்கு என். செல்வராஜா தொகுத்த ‘நூல்தேட்டம்’ என்ற நூல் விவரப் பட்டியலைப் புரட்டினால் பெரும்பாலும் விடை கிடைக்கும். மாத நாவல்களுக்கு இதழ் எண்ணும் மாதமுமே சான்று; அட்டை கிழிந்துபோனால் அந்தச் சான்றும் போய்விடும்.

உங்கள் சேகரிப்பு உங்கள் எழுத்துக்கு உதவுகிறதா? (வாசகர், பம்பலப்பிட்டி)

மிகவும் உதவுகிறது. 1950களின் கொழும்பில் ஒரு கொலைக் கதையை நடத்த வேண்டுமானால், சந்தேக நபர் புறக்கோட்டையிலிருந்து எதில் ஏறிப் போனார் என்பது தெரிய வேண்டும். டிராம் வண்டிகள் 1960 வரை ஓடின. டிரொலி பஸ்கள் 1953 முதல் 1964 வரை ஓடின. இந்த ஆண்டுகளை எந்த வரலாற்று நூலிலும் பார்க்கலாம். ஆனால் மழை பெய்தபோது டிராமில் எந்தப் பக்கம் நனைந்தது, நடத்துநரிடம் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பவை அக்காலத்தில் எழுதப்பட்ட சாதாரணக் கதைகளில்தான் இருக்கின்றன. அக்கால எழுத்தாளர் அவற்றை வரலாறு என்று எண்ணி எழுதவில்லை; ஆகவே அவற்றை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இரவல் கொடுப்பீர்களா? (வாசகி, மட்டக்களப்பு)

கொடுப்பேன். பெயரும் திகதியும் கொப்பியில் எழுதிக்கொண்டுதான் கொடுப்பேன். ஒரே பிரதியாக உள்ளவற்றை என் வீட்டிலேயே இருந்து படிக்கச் சொல்வேன்.

நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் எல்லாமே கிடைக்கும்போது காகிதப் புத்தகம் எதற்கு? (வாசகர், ஹட்டன்)

2005 முதல் அவர்கள் செய்துவரும் பணியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன், வாரந்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கே உள்ள ஒவ்வொரு நூலும் யாரோ ஒருவர் காத்து வைத்திருந்த காகிதப் பிரதியிலிருந்தே அங்கு போய்ச் சேர்ந்தது. ஜனரஞ்சக நாவல்கள் அங்கே குறைவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், அவற்றைக் காத்துக் கொடுத்தவர்கள் குறைவு என்பதே காரணமாக இருக்கும். உங்களிடம் இருப்பதை ஒளிவருடக் கொடுங்கள். கொடுத்த பின்னும் பிரதியை எறியாதீர்கள், வருடலில் விடுபட்ட பக்கத்தைச் சரிபார்க்க அது வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை அவருடைய உரித்தாளர்களிடம் இருக்கும். ஆகவே எழுத்தாளரின் குடும்பத்தாரைத் தேடி எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். என் நாவல்களுக்கு அந்த அனுமதியை இப்போதே தருகிறேன். முதல் ஐந்து மாத நாவல்களின் அட்டையோடு கூடிய பிரதிகள் என்னிடமே இல்லை. வைத்திருப்பவர்கள் இதழ் முகவரிக்கு எழுதினால் நானே வந்து படம்பிடித்துக்கொள்கிறேன்.