பகலிலேயே டென்ட் போட்டுவிடுங்கள்

கேள்வி: கல்யாணமாகி ஒன்றரை வருடம். மெல்போர்னில் இருக்கிறோம், எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். மார்ச் லாங் வீக்கெண்டில் கிரேட் ஓஷன் ரோடு வழியாக கேம்பிங் போகலாம் என்று கணவர் டென்ட் வாங்கிவிட்டார். சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பி ராத்திரி வார்னம்பூல், மறுநாள் மவுண்ட் கேம்பியர், திங்கள்கிழமை வீடு. இதுதான் அவர் போட்ட திட்டம். நான் டென்ட்டில் படுத்ததே இல்லை. குளிர், பாம்பு, ராத்திரி பாத்ரூம் என்று எல்லாமே பயமாக இருக்கிறது. சொன்னால் சிரிக்கிறார். போன தடவை வெளியூர் போனபோது காரிலேயே சண்டை வந்து, இரண்டு நாள் பேசவில்லை. எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் நீண்ட தூரம் என்றால் அவரே ஓட்டுவார். வரவில்லை என்று சொல்லிவிடலாமா அக்கா? (கடிதம் சுருக்கப்பட்டது.)

அன்புத் தங்கைக்கு,

போய் வாருங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு வேண்டாம்.

கணக்குப் பார்த்தால் மூன்று நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைகிறது. அதில் டார்கியிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் கிரேட் ஓஷன் ரோடு. லோர்னிலிருந்து அப்போலோ பே வரை ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வளைவு மேல் வளைவு. அங்கே வேகமாகப் போகவும் முடியாது, போகவும் கூடாது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் மூவாயிரம் வீரர்கள் 1919இலிருந்து 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டிய பாதை அது. போரில் இறந்த தோழர்களின் நினைவாக வெட்டினார்கள். ஈஸ்டர்ன் வியூவில் மரத்தில் ஒரு நினைவு வளைவு நிற்கிறது. அந்த இடத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நிற்க முடியாத பயணம் எனக்குச் சம்மதமில்லை.

போன தடவை உங்களுக்குள் வந்த சண்டையும் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பசி, களைப்பு, இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற பதற்றம். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த நல்ல ஜோடியும் கத்தும். நானும் என் வீட்டுக்காரரும் இதே சாலையில், ராத்திரி ஒன்பது மணிக்கு, காற்றில் பறக்கிற டென்ட் துணியை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறோம். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே ஒரு விதிதான்: மாலை ஐந்தரைக்கு மேல் கார் ஓடாது. மார்ச்சில் அங்கே ஏழரைக்கு மேல்தான் சூரியன் மறையும். பகல் வெளிச்சத்தில் டென்ட் அடித்து, டீ போட்டுக் குடித்து, கடலைப் பார்க்க நிறைய நேரம் இருக்கும். அதோடு, பொழுது சாயும் நேரமும் விடிகிற நேரமும் கங்காருவும் வாலபியும் சாலைக்கு வருகிற நேரம். காலை 5 மணி கும்மிருட்டு. அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் மவுண்ட் கேம்பியரையும் வார்னம்பூலையும் விட்டுவிடுங்கள். அப்போலோ பேயில் இரண்டு ராத்திரியும் ஒரே இடத்தில் தங்குங்கள். தினமும் டென்ட்டைப் பிரித்துக் கட்டுவதைப் போலப் புதியவர்களை அலுக்க வைப்பது எதுவுமில்லை. ஜொஹானா பீச் மாதிரி தேசியப் பூங்கா கேம்ப் இடங்கள் அழகுதான், ஆனால் அங்கே வெந்நீர் ஷவர் கிடையாது. முதல் தடவைக்குக் கேரவன் பார்க்தான் சரி. சுத்தமான பாத்ரூம், வெந்நீர், சமையலறை, விளக்கு எல்லாம் உண்டு. அந்த நாட்களில் மாதவிலக்கு வந்தாலும் சங்கடமில்லை. பாத்ரூமுக்குக் கிட்டத்தில் இடம் கேட்டு இன்றே பதிவு செய்யுங்கள், லாங் வீக்கெண்டில் சீக்கிரம் நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் வேறு வாரம் போங்கள். 'காரிலேயே படுத்துக்கலாம்' என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கரையில் சாலையோரம் ராத்திரி தங்க அனுமதி இல்லை.

இரண்டாம் நாள் காலை நிதானமாகக் கிளம்பி பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளுக்குப் போகலாம். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெயர்தான் ஓஷன் ரோடு, அப்போலோ பேயைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு ஓட்வே காட்டுக்குள் போய்விடும். போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடலில் நிற்கும் அந்த அப்போஸ்தலர் சுண்ணாம்புக்கல் தூண்களில் ஒன்று 2005இல் இடிந்து விழுந்தது. பக்கத்தில் 'லண்டன் பிரிட்ஜ்' என்ற பாறை வளைவு 1990இல் சரிந்தபோது அதன் மேல் இருவர் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. போட்டோவுக்காக அவரை வேலியைத் தாண்ட விடாதீர்கள். உயிர்காப்பாளர்கள் நட்டு வைக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் தவிர வேறெங்கும் கடலில் இறங்கவும் விடாதீர்கள். அவர் நன்றாக நீந்துவார் என்றாலும் அங்கே உள்ளிழுக்கும் நீரோட்டத்துக்கு அது தெரியாது.

லாக் ஆர்ட் கார்ஜுக்குக் கட்டாயம் இறங்குங்கள். 1878இல் அங்கே உடைந்த கப்பலில் இருந்த 54 பேரில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் மட்டும்தான் பிழைத்தார்கள். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் சின்ன மணல். அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

ஓட்டுவதைப் பற்றி. மேற்கே போகும்போது கடல் இடது பக்கம். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் காட்சி. ஓட்டுகிறவர் வளைவிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. எல்லாவற்றையும் அவரே ஓட்டினால் இத்தனை தூரம் வந்தும் அவர் கடலையே பார்த்திருக்க மாட்டார். இதை அவரிடம் சொல்லுங்கள். வளைவுகள் தொடங்கும் லோர்ன் வரை நீங்கள் ஓட்டுங்கள். திரும்பும்போது ஃபாரஸ்ட் என்ற ஊர் வழியாக மலை இறங்கி, பிரின்சஸ் ஹைவேயைத் தொட்டதும் மறுபடி நீங்கள்.

குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வரும். காற்று மெத்தைக்கு அடியில் ஒரு கெட்டிக் கம்பளி விரியுங்கள். குளிருக்காக அடுப்பை மட்டும் டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அதன் புகைவாயு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். பாம்பு அந்தப் பக்கம் உண்டு, மறைக்கவில்லை. ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள், ஷூவை உள்ளே வையுங்கள், உயரமான புல்லில் நடக்காதீர்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள். மார்ச் இன்னும் காட்டுத்தீ காலம்தான். 2015 கிறிஸ்துமஸ் அன்று அதே கரையில் வை ரிவர் பக்கம் நூற்றுக்கும் மேல் வீடுகள் எரிந்தன. தினமும் காலையில் தீ எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை கடுமையாக இருந்தால் பயணத்தை ரத்து செய்யத் தயங்காதீர்கள். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், எஸ்கியில், அதாவது ஐஸ் பெட்டியில், தயிரும் இருக்கட்டும். அன்றைக்கு டென்ட் அடிப்பதே போதும், சமையல் வேண்டாம்.

சரி, சிரிக்கிறாரே, அதற்கு என்ன? 'நான் வரவில்லை' என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டு முடித்து உட்காரும்போது, 'நீங்கள் சிரித்தால் எனக்கு வலிக்கிறது, அப்புறம் எதையும் உங்களிடம் சொல்லத் தோன்றவில்லை' என்று நேராகச் சொல்லுங்கள். டென்ட் வாங்கி வந்த மனிதர் உங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசைப்படுகிறார், கேட்பார். கேட்காமல் மறுபடியும் சிரித்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது நாம் பேச வேண்டியது வேறு.

அப்புறம், இந்தச் சனிக்கிழமையே வீட்டுப் பின்பக்கம் டென்ட்டை இரண்டு பேருமாக அடித்து, ராத்திரி அதில் படுத்துப் பாருங்கள். நடுராத்திரி எழுந்து டார்ச்சோடு வீட்டு பாத்ரூமுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். ஞாயிறு காலை எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, அதன் பிறகு சாமான் பட்டியலை எழுதுங்கள்.