இரண்டு வாரம் நின்ற பழைய மாருதி 800 ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 1994 மாடல், கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி, இரண்டு வாரம் எடுக்கவில்லை, மெக்கானிக் "செல்ஃப் போச்சு, மாத்திடலாம்" என்கிறார். செல்ஃப் என்பது சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார். எல்லாம் எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது? அது தெரியாமல் செல்ஃபைக் கழற்றுவது வீண் செலவு.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். டிக்டிக்டிக் என்று தொடர்ந்து அடித்தாலோ, லைட் அடியோடு மங்கினாலோ பேட்டரி அல்லது டெர்மினல். ஒரே ஒரு 'டக்', லைட் அப்படியே எரிகிறது என்றால்தான் செல்ஃப் மேலும் அதன் சொலினாய்டு (செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) மேலும் சந்தேகம். சத்தமும் இல்லை, லைட்டும் மங்கவில்லை என்றால் சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயர், அல்லது சாவி சுவிட்ச். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் செல்ஃப் மேல் பழி போடாதீர்கள். அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் பேட்டரியில்தான் தொடங்குவேன். இந்த வண்டிக்குப் பொதுவாகப் போடுவது 35 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோ, அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட 17 ஏஎச் போய்விடும். அதாவது பாதி பேட்டரி, வண்டியைத் தொடாமலே. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். நின்றபடி 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

அடுத்தது யாரும் பார்க்காத எர்த் வயர். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் அந்தக் கனமான வயரின் லக் (முனையில் உள்ள உலோக வளையம்), வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டு டெர்மினலைக் கழற்றினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் போஸ்டிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒற்றை 'டக்' மட்டும் வந்தால், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் செல்ஃப் மோட்டார் உடம்பில் மரக்கட்டையால் மெல்லத் தட்டட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி. தட்டியதும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. பிரஷ் மாற்றும் செலவு, புது செல்ஃப் விலைக்குப் பக்கத்தில் சில்லறைதான். ஆர்மேச்சரே (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள்) எரிந்து நாற்றம் வந்தால் மெக்கானிக் சொன்னது சரி. அவரைத் திருடன் என்று நான் சொல்லவில்லை.

இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், நின்ற வண்டியில் பாதி நேரம் காரணம் காலியான கார்பரேட்டர்தான். ஃப்ளோட் கிண்ணத்து (கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சின்னத் தொட்டி) பெட்ரோல் இரண்டு வாரத்தில் ஆவியாகியிருக்கும். மெக்கானிக்கல் பம்ப் அதை மறுபடி நிரப்ப நேரம் எடுக்கும். பத்து விநாடி செல்ஃப், அரை நிமிடம் ஓய்வு என்று மூன்று நான்கு முறை அடியுங்கள். ஏர் கிளீனர் மூடியைத் திறந்து, இன்ஜினை நிறுத்திய நிலையில் ஆக்ஸிலரேட்டரைக் கையால் தள்ளிப் பாருங்கள். உள்ளே மெல்லிய பெட்ரோல் தாரை பாய வேண்டும். பாயவில்லை என்றால் பம்ப் டயாஃப்ரம், ஃபில்டர், ஹோஸ் வெடிப்பு என்று டாங்க் பக்கமாகப் போங்கள். மார்கழிக் குளிரில், முக்கியமாகத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம், சோக்கை (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் இழுப்பான்) முழுதும் இழுத்தும் கார்பரேட்டர் வாயில் உள்ள தட்டு மூடாவிட்டால் கேபிள் நழுவியிருக்கிறது.

பெட்ரோல் வருகிறது என்றால் ஸ்பார்க். பிளக்கைக் கழற்றி (21-ஆம் நம்பர் பாக்ஸ்), வயரில் மாட்டி, அதன் இரும்பை இன்ஜினில் தொட வைத்து செல்ஃப் அடியுங்கள். ரப்பர் பிடி போட்ட பிளையரில் பிடிக்க வேண்டும், பக்கத்தில் பெட்ரோல் கசிவு கூடாது. நீல நிறத்தில் சடசடவென்று வந்தால் நல்லது. மஞ்சளாக நூல் மாதிரி வந்தால் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில், கன்டென்சர், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) ஆகியவற்றைப் பாருங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பாயிண்ட் செட் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் அதில் 0.4 முதல் 0.5. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் ஓவர் ஆகிவிட்டது: துடைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி அடியுங்கள். மாந்தோப்புக் கொட்டகையில் நிறுத்தியிருந்தால் இதற்கெல்லாம் முன்பே பிளக் வயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

"பழசைக் காயலான் கடையில் போடு" என்று கீழே வந்து எழுதுபவர்களுக்கு: பதினைந்து வருடம் தாண்டிய காரின் ஆர்சி புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள், இருபது தாண்டினால் 2025-லிருந்து 10,000. இதைக் கட்டி வைத்திருப்பவனிடம் வந்து விற்கச் சொல்லாதீர்கள். பங்கிலோ பெரும்பாலும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் அதற்குச் செய்ததல்ல. ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் எத்தனாலுக்கு ஏற்றதாக மாற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் உடனே அணைக்காதீர்கள். பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அதற்குக் குறைந்தால் பெல்ட்டைப் பாருங்கள். அடுத்த முறை வெளியூர் கிளம்பும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள்.